பீச் காய்த்த ஆண்டு

பிரிட்டனில் அக்டோபர் பிறந்துவிட்டால், பறவைகளுக்குத் தீனி வைப்பவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. நம் தோட்டத்துக் குருவிகள் எல்லாம் எங்கே போயின? ஜூலை வரை ஃபீடர் என்னும் தீனிக் குழாய் காலியாகிக்கொண்டே இருந்தது. காலையில் நிரப்பினால் மாலைக்குள் தீர்ந்துவிடும். இப்போது குளிர் ஏறுகிறது, பகல் குறுகுகிறது, பறவைக்குப் பசி கூட வேண்டிய காலம் இது. ஆனால் கம்பியில் தொங்கும் குழாயில் சூரியகாந்திப் பருப்பு அப்படியே கிடக்கிறது. அடியில் இருப்பது ஈரம் பிடித்து முளைவிடத் தொடங்குகிறது.

உடனே சந்தேகம் பக்கத்து வீட்டுப் பூனை மேல் விழும். புதிதாக வாங்கிய தீனி மட்டமானதோ என்று தோன்றும். யாரோ மருந்து தெளித்திருப்பார்கள் என்ற பயமும் வரும். இந்தப் பதற்றம் இயல்பானதுதான். நாள்தோறும் பார்த்துப் பழகிய உயிர்கள் திடீரென்று காணாமல் போனால் யாருக்கும் மனம் அடித்துக்கொள்ளும். ஆனால் பெரும்பாலான ஆண்டுகளில் காரணம் தோட்டத்துக்குள் இருப்பதில்லை. சில மைல் தள்ளி, காட்டில் இருக்கிறது.

இதை ஒரு தோட்டத்தை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆயிரக்கணக்கான தோட்டங்களை ஒன்றாகப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்தில் தெட்ஃபர்ட் என்ற ஊரிலிருந்து இயங்கும் பிரிட்டிஷ் பறவையியல் அறக்கட்டளை, 1995-இல் அப்படியொரு கணக்கெடுப்பைத் தொடங்கியது. சாதாரணக் குடிமக்கள் வாராவாரம் தங்கள் தோட்டத்தில் கண்ட பறவைகளைக் குறித்து அனுப்புவார்கள். அந்தக் குறிப்புகளைச் சேர்த்து வரைபடமாக்கினால், தனி வீட்டில் மர்மமாகத் தெரிந்தது ஒரு தாளகதியாகத் தெரிகிறது. இலையுதிர் காலத்தில் பிளாக்பேர்ட் என்னும் கரிய பாட்டுக்குருவியின் வரவு ஆண்டுதோறும் சரிகிறது. அந்த நேரத்தில் வேலிப்புதர்களிலும் காட்டோரங்களிலும் பழங்கள் பழுத்துத் தொங்குகின்றன. அவை தீர்ந்ததும், நடுக்குளிரில், அது புல்தரைக்குத் திரும்புகிறது. இது ஆண்டுதோறும் நடப்பது. கிரேட் டிட், கோல் டிட் போன்ற சிறு குருவிகளின் கதை வேறு. ஓர் ஆண்டு அவை குளிர்காலம் முழுக்கத் தோட்டங்களில் குறைவாகவே இருக்கும், அடுத்த ஆண்டு கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஒரு மரம் பெரிய காரணம். அது பீச்.

பீச் மரத்தின் காய் கையில் எடுத்துப் பார்க்க வேண்டிய பொருள். வெளியே மென்மையான முள் போர்த்திய ஒரு கூடு. முற்றியதும் அது நாலாக வெடித்து விரிகிறது. உள்ளே மூன்று பட்டையுள்ள, பளபளக்கும் பழுப்பு நிறக் கொட்டைகள் இரண்டு. மேல்தோலை நகத்தால் கிழித்தால் கொழுப்பு நிறைந்த வெள்ளைப் பருப்பு. கிரேட் டிட் இதைக் கிளைக்குத் தூக்கிச் சென்று, காலடியில் அழுத்திப் பிடித்து, அலகால் குத்தி உடைக்கும். பதினெட்டுக் கிராம் எடையுள்ள ஒரு பறவைக்கு இந்தப் பருப்பு நல்ல சாப்பாடு.

பீச் ஆண்டுதோறும் ஒரே அளவில் காய்ப்பதில்லை. ஓர் ஆண்டு கிளை வளையக் காய்க்கும், அடுத்த ஆண்டு பெயருக்குக் கூட இருக்காது. ஒரு மரம் மட்டும் இப்படி நடந்துகொள்வதில்லை. ஒரு வட்டாரத்தின் மரங்களெல்லாம், சில சமயம் நாடுகளைத் தாண்டியும், சேர்ந்தே காய்க்கின்றன, சேர்ந்தே ஓய்கின்றன. ஆண்டுதோறும் சீராகக் காய்த்தால் அதைத் தின்னும் எலியும் பூச்சியும் பறவையும் சீராகப் பெருகி, விதை ஒன்றைக்கூட மிச்சம் வைக்காது. சில ஆண்டுகள் பட்டினி போட்டுவிட்டு ஒரே ஆண்டில் கொட்டித் தீர்த்தால், இருக்கிற வாய்களெல்லாம் தின்றும் மிஞ்சும். மிஞ்சியது முளைக்கும். முந்தைய ஆண்டின் கோடை வெப்பமாக அமைந்தால் அடுத்த ஆண்டு பூப்பு பெருகும் என்பது நெடுநாளாகத் தெரிந்ததே. ஆனால் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் மரங்கள் எப்படி ஒரே நேரத்தில் அந்த வெப்பத்தைக் கணக்கில் எடுக்கின்றன? 2024-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு அழகான விடை தந்தது. ஆண்டின் மிக நீண்ட பகல், அதாவது ஜூன் பிற்பகுதியின் சங்கராந்தி, ஐரோப்பா முழுவதற்கும் ஒரே நாளில் வருகிறது. அது கடந்தவுடன் வரும் சில வாரங்களின் வெப்பத்தையே மரங்கள் கவனிக்கின்றன என்கிறது அந்த ஆய்வு.

அப்படிக் காய்த்த காடு எவ்வளவு பறவைகளை இழுக்கும் என்பதற்கு 1951-52 குளிர்காலம் சாட்சி. வட ஐரோப்பாவிலிருந்து வலசை வரும் பிராம்ப்ளிங் என்ற ஃபிஞ்ச் இனப் பறவைக்கு பீச் கொட்டை என்றால் உயிர். அந்த ஆண்டு சுவிட்சர்லாந்தின் தூன் நகருக்கு அருகே அவை ஒரே இடத்தில் இரவு தங்கின. எண்ணிக்கை சுமார் 7 கோடி என்று மதிப்பிட்டார்கள். ஒரு பள்ளத்தாக்கின் மரங்களில் 7 கோடிப் பறவைகள் அடைந்துகிடக்கும்போது, அவற்றை எதிர்பார்த்து வேறெங்கோ தொங்கும் ஒரு தீனிக் குழாய் காலியாகாமல் நிற்பதில் வியப்பில்லை.

ஆக்ஸ்ஃபர்டுக்கு வெளியே வைத்தம் காடு இருக்கிறது. 1947-இல் பறவையியலாளர் டேவிட் லாக் அங்கே கிரேட் டிட் குருவிகளைக் கூடுகூடாகக் கணக்கெடுக்கத் தொடங்கினார். உலகின் மிக நீண்ட பறவை ஆய்வுகளில் ஒன்று அது, இன்றும் தொடர்கிறது. அவருக்குப் பின் வந்த கிறிஸ்டஃபர் பெரின்ஸ், பீச் நன்றாகக் காய்த்த ஆண்டுகளில் இளம் கிரேட் டிட்கள் அதிகமாக உயிர் பிழைப்பதை 1960-களில் காட்டினார். தோட்டத்தில் வெறுமை தெரியும் ஆண்டுதான் குருவிக்கு நல்ல ஆண்டு. ஃபீடரில் கூட்டம் முட்டி மோதும்போது வீட்டுக்காரருக்கு மகிழ்ச்சி, ஆனால் அது பல சமயம் காட்டில் பஞ்சம் என்பதன் அறிகுறி. பறவைகளை நேசிப்பவர்கள் இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் அக்டோபர் மாதக் கவலை பாதி குறைந்துவிடும்.

இதில் இன்னும் நுட்பமான ஒரு கணக்கு சிஸ்கின் என்ற மஞ்சள்பச்சைக் குருவியிடம் இருக்கிறது. ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் இருபதாம் நூற்றாண்டில் மரத்தேவைக்காக சிட்கா ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தை மலைமலையாக நட்டார்கள். அதன் தாய்நிலம் வட அமெரிக்காவின் மேற்குக் கரை. கூம்புகளின் செதில்களுக்கு நடுவே சின்னஞ்சிறு விதைகள் இருக்கும், சிஸ்கின் தலைகீழாகத் தொங்கி அவற்றை உருவித் தின்னும். வெயில் அடித்துக் கூம்பு உலர்ந்தால் செதில்கள் விரியும். மழையில் நனைந்தால் இறுக மூடிக்கொள்ளும், உள்ளே இருக்கும் விதையை எடுக்க முடியாது. அதனால்தான் சிஸ்கின்கள் ஈரமான நாட்களில் தோட்டத்துக்கு வருவது கூடுகிறது, காய்ந்த நாளில் காணாமல் போகின்றன. குளிர்காலம் நகர நகர விதைகள் உதிர்ந்து தீர்கின்றன. பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும்தான் அவை தோட்டங்களில் உச்சத்தைத் தொடுகின்றன. நவம்பரில் ஏமாந்து ஃபீடரைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டவர்கள் அந்தக் காட்சியைத் தவறவிடுகிறார்கள்.

அப்படியானால் தோட்டத்தில் தீனி வைப்பது வீண் வேலையா? இதற்கு விடை தேடியவர்களில் மார்கரெட் பிரிட்டிங்ஹாம், ஸ்டான்லி டெம்பிள் இருவரும் முக்கியமானவர்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1980-களில் அவர்கள் எடுத்துக்கொண்ட பறவை, கருந்தொப்பிச் சிக்கடீ. பதினோரு கிராம் எடை, கருப்புத் தொப்பி, கருப்புத் தாடி. மனிதருக்கு அஞ்சாத குணம். வட அமெரிக்காவின் வடபாதி முழுக்க வீட்டுத் தோட்டங்களில் இதைக் காணலாம். டொரொன்டோவின் ஸ்கார்பரோவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் பனிக்காலத்தில் ஜன்னல் வழியே பார்ப்பது இதைத்தான்.

கண்டது என்ன? ஃபீடர் எப்போதும் நிரம்பியிருந்த இடத்திலும், சிக்கடீ தன் அன்றாட ஆற்றல் தேவையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத்தான் அதிலிருந்து எடுத்தது. மீதி நான்கு பங்கு மரப்பட்டை இடுக்குகளில் உறங்கும் புழு, சிலந்தி முட்டை, காட்டு விதை. பிறகு அவர்கள், இருபத்தைந்து ஆண்டுகளாகத் தீனி வைக்கப்பட்டுவந்த ஒரு காட்டுப்பகுதியில் ஃபீடர்களை அடியோடு அகற்றினார்கள். தலைமுறை தலைமுறையாக ஃபீடரோடு வாழ்ந்த பறவைகள் தவித்துப்போகும் என்று பலர் நினைத்திருப்பார்கள். தவிக்கவில்லை. ஃபீடரையே பார்த்திராத இடத்துச் சிக்கடீகளைப் போலவே அவையும் அந்தக் குளிர்காலத்தைக் கடந்தன. நாம் வைக்கும் தீனியைச் சார்ந்து பறவைகள் சோம்பேறியாகிவிடும் என்ற பழைய அச்சத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு கிடைப்பது அரிது.

ஆனால் இதே இருவரின் இன்னொரு ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது. தீனி கிடைத்த சிக்கடீகளில் 69 சதவீதம் குளிர்காலத்தைத் தாண்டின. தீனி இல்லாத இடத்தில் 37 சதவீதம் மட்டுமே. இந்த வேறுபாடு பெரிதாக வெளிப்பட்டது கொடுங்குளிர் மாதங்களில்தான், அதாவது ஐந்து நாட்களுக்கு மேல் வெப்பநிலை மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே போன மாதங்களில். மற்ற நாட்களில் அந்தத் தீனி ஒரு வசதி, அவ்வளவுதான். உறைபனி நாளில் அது உயிர்.

ஏன் என்பது அந்தப் பறவையின் ஒரு நாளைப் பார்த்தால் புரியும். நீண்ட இரவில் உடலைச் சூடாக வைக்க, அது பகலில் சேர்த்த கொழுப்பையெல்லாம் எரித்துத் தீர்க்கிறது. எரிபொருளை மிச்சம் பிடிக்க, மரப்பொந்தில் அடங்கியதும் தன் உடல் வெப்பத்தைப் பத்து டிகிரிக்கும் மேல் இறக்கிக்கொள்ளும். விடிந்ததும் மறுபடி நிரப்ப வேண்டும். இதற்காகவே இலையுதிர் காலத்தில் ஆயிரக்கணக்கான விதைகளை ஒவ்வொன்றாக, பட்டை வெடிப்பிலும் பாசிக்கடியிலும் தனித்தனி இடங்களில் ஒளித்து வைக்கிறது. வைத்த இடங்களை வாரக்கணக்கில் நினைவில் வைத்திருக்கிறது. இலையுதிர் காலத்தில் ஃபீடருக்கு வந்து விதையைக் கவ்விக்கொண்டு பறக்கிற சிக்கடீ பல சமயம் அதை உடனே தின்பதில்லை, சேமிப்புக்கு எடுத்துப்போகிறது. பின்னால் வரும் வெறுமையான வாரங்களில் அது தின்பது, சில சமயம், நாம் ஏற்கெனவே கொடுத்ததைத்தான்.

பசி மட்டுமே பறவையின் முடிவுகளைத் தீர்மானிப்பதில்லை. பயமும் தீர்மானிக்கிறது. தோட்டம் சட்டென்று ஊமையாகி, புல்தரையில் புறா இறகுகள் வட்டமாகச் சிதறிக்கிடந்தால் காரணத்தைத் தேட வேண்டாம். பிரிட்டனில் அது ஸ்பாரோஹாக், நம் ஊர் வல்லூறுக்கு நெருங்கிய உறவு, அதையும் வல்லூறு என்றே அழைக்கலாம். 1950-களிலும் 60-களிலும் பூச்சிக்கொல்லிகளால் இந்த வேட்டைப்பறவை கிழக்கு இங்கிலாந்திலிருந்து ஏறக்குறைய அழிந்தே போயிற்று. நஞ்சுகளைத் தடுத்த பிறகு திரும்பி வந்தது. வல்லூறு இல்லாத ஆண்டுகளில் வைத்தம் காட்டுக் கிரேட் டிட்கள் குளிர்காலத்தில் கொழுத்திருந்தன, வல்லூறு திரும்பியதும் மெலிந்தன. 1995-இல் ஆண்ட்ரூ கோஸ்லரும் பெரின்ஸும் ஜெரமி கிரீன்வுட்டும் இதை வெளியிட்டார்கள். கொழுத்த குருவியால் வேகமாக எழும்பிப் பறக்க முடியாது. பட்டினியில் சாகாத அளவுக்குத் தின்ன வேண்டும், வல்லூறிடம் சிக்காத அளவுக்கு மெலிந்திருக்கவும் வேண்டும். ஒரு கிராமுக்கும் குறைவான எடையில் இந்தத் தராசு இருபுறமும் ஆடுகிறது.

சிகாகோ நகரில் வீட்டுத் தோட்டக் கணக்கெடுப்பாளர்களின் இருபதாண்டுக் குறிப்புகள் இன்னொன்றைச் சொன்னன. 1990-களின் நடுவில் கணக்கெடுத்த இடங்களில் நான்கில் ஒன்றில்தான் வேட்டைப்பறவைகள் தெரிந்தன. இருபதாண்டுகளுக்குள் மூன்றில் இரண்டு இடங்களில் தெரியத் தொடங்கின. அவற்றில் ஒன்றான கூப்பர் வல்லூறு நகரத்துக்குள் நிலைகொண்டதற்குக் காரணம், அங்கே கிடைத்த இரைப்பறவைகளின் அளவு. ஃபீடர் குருவிகளை ஓரிடத்தில் குவிக்கிறது, குவிந்த இடம் வல்லூறுக்கு வேட்டைத்திடல் ஆகிறது. ஒரு வல்லூறு ஒரு தெருவைத் தன் சுற்றுப்பாதையில் சேர்த்துக்கொண்டால் அங்குள்ள குருவிகள் நாட்கணக்கில் ஒதுங்கி இருக்கும். ஃபீடரைப் புதருக்கு அருகே, ஓடி ஒளிய இடமுள்ளதாக மாற்றித் தொங்கவிடுவது அப்போது உதவும்.

சில சமயம் பறவைகள் போகவே இல்லை, பார்க்கும் நேரம்தான் தவறு. வைத்தம் காட்டில் ஃபீடர்களில் மின்னணுக் கருவிகள் பொருத்தி, காலில் சிறு அடையாளச் சில்லு மாட்டிய குருவிகளின் ஒவ்வொரு வருகையையும் பதிவு செய்தார்கள். காலையில் அவை புதிய தீனி எங்கே இருக்கிறது என்று சுற்றிப் பார்க்கின்றன, ஆனால் வயிறு நிறையத் தின்பதைப் பிற்பகலுக்கு ஒத்திப்போடுகின்றன என்பது 2013-இல் தெரியவந்தது. காலையிலேயே கொழுத்துவிட்டால் பகல் முழுக்க வல்லூறுக்கு முன்னால் கனத்த உடலோடு பறக்க வேண்டும். இரவு எரிபொருளை அந்தியில் நிரப்புவதே பாதுகாப்பு. காலைச் சிற்றுண்டி நேரத்தில் ஜன்னலோரம் காத்திருப்பவர், பறவைகள் உளவு பார்க்கும் நேரத்தில் விருந்தை எதிர்பார்க்கிறார்.

ஓரிடத்தில் வெறுமை என்றால் வேறோர் இடத்தில் பெருவரவு இருக்கும். வட அமெரிக்காவில் இதைக் கண்டம் முழுவதற்குமாகப் பார்க்க முடிகிறது. ஒண்டாரியோ மாநிலத்தில் 1976-இல் தொடங்கிய ஒரு ஃபீடர் கணக்கெடுப்பு, 1987-இலிருந்து கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகமும் சேர்ந்து நடத்தும் பெருந்திட்டமானது. அதன் பதிவுகளை வைத்து 2015-இல் நடந்த ஆய்வு, பைன் சிஸ்கின் என்ற குருவி சில ஆண்டுகளில் ஏன் வடக்குக் காடுகளைக் காலிசெய்துகொண்டு தெற்கே பாய்கிறது என்பதை விளக்கியது. வடக்குக்கும் தெற்குக்கும், மேற்குக்கும் கிழக்குக்கும் இடையே வானிலை எதிரெதிராகச் சாய்கிறது. ஒரு பகுதியில் விதை பொய்க்கும்போது இன்னொரு பகுதியில் விளைகிறது. அந்தச் சாய்வின் விளைவு இரண்டு ஆண்டுகள் கழித்தும் பறவைகளின் வரவில் தெரிகிறது. 2020-21 குளிர்காலத்தில் அப்படியொரு பாய்ச்சல் நடந்து, பைன் சிஸ்கின்கள் ஃபுளோரிடா வரை இறங்கின.

அந்தக் குளிர்காலம் இன்னொரு பாடத்தையும் கொண்டுவந்தது. ஃபீடர்களில் நெருக்கியடித்த பைன் சிஸ்கின்களிடையே சால்மோனெல்லா பரவி, அமெரிக்காவின் மேற்குக் கரையில் அவை செத்து விழுந்தன. மனிதர்களுக்கும் தொற்றியது. ஃபீடர்களைக் கழற்றிவிடும்படி அரசுத் துறைகளே கேட்டுக்கொண்டன. பறவைகள் வராமல் போவதற்கு உள்ள காரணங்களில் உண்மையிலேயே கவலைப்பட வேண்டியது நோய்தான்.

பிரிட்டனில் இப்படியொரு நோய்த்தாக்குதலைக் கிரீன்ஃபிஞ்ச் என்ற பறவை அனுபவித்தது. புறாக்களின் தொண்டையில் வாழும் ஓர் ஒற்றைச்செல் ஒட்டுண்ணி 2005-இல் ஃபிஞ்ச் பறவைகளிடம் காணப்பட்டது, 2006-இல் கொள்ளைநோயாக வெடித்தது. நோய் கண்ட பறவை இறகைச் சிலிர்த்துப் பந்துபோல் ஃபீடரிலேயே உட்கார்ந்திருக்கும். விதையை அலகில் உருட்டும், விழுங்க முடியாது, எச்சில் ஒழுகத் துப்பிவிடும். அந்த எச்சில் பட்ட விதையை அடுத்த பறவை எடுக்கும். சில ஆண்டுகளிலேயே பிரிட்டனின் கிரீன்ஃபிஞ்ச் எண்ணிக்கை சுமார் 43 லட்சத்திலிருந்து 28 லட்சமாகச் சரிந்தது. 2008-இல் நோய் கடல் தாண்டி நார்வே, ஸ்வீடன், ஃபின்லாந்து வரை சென்றது. 2021-இல் கிரீன்ஃபிஞ்ச் பிரிட்டனின் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஒரு காலத்தில் எல்லோர் தோட்டத்திலும் இருந்த பறவை அது.

காடு செழித்ததால் வந்த வெறுமையையும் நோயால் வந்த வெறுமையையும் எப்படிப் பிரித்தறிவது? முன்னதில் பல இனங்கள் ஒன்றாகக் குறைகின்றன, வருகிற ஒன்றிரண்டும் துடிப்பாக இருக்கின்றன. பின்னதில் முதலில் மந்தமான, உப்பிய பறவைகள் தெரிகின்றன, பிறகு குறிப்பாக ஃபிஞ்ச் இனங்கள் மறைகின்றன. நோய்ப் பறவை ஒன்றைக் கண்டால் தீனியையும் தண்ணீர்த் தட்டையும் சில வாரங்கள் எடுத்துவிட வேண்டும். இந்த ஒட்டுண்ணி உலர்ந்தால் நெடுநேரம் தாங்காது. எனவே ஃபீடரைத் தவறாமல் கழுவி, நன்றாக உலரவிட்டுத் தொங்கவிடுவது தீனி நிரப்புவதைவிட முக்கியம். தின்னாமல் கிடந்து பூசணம் பிடித்த பருப்பை, பறவை வரும் என்று விட்டுவைப்பது கூடவே கூடாது.

பீச் மரங்களின் பழைய தாளகதியும் இப்போது மாறிவருகிறது. இங்கிலாந்தின் பீச் மரங்களுக்கடியில் 1980 முதல் ஆண்டுதோறும் விதைகளை எண்ணிவரும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அவர்களது ஏறத்தாழ நாற்பதாண்டுக் கணக்கு 2020-இல் வெளிவந்தது. கோடைகள் வெப்பமாக ஆக ஆக, பெருங்காய்ப்புக்கும் வெறுமைக்கும் இடையே இருந்த வேறுபாடு மங்குகிறது. மரங்கள் ஒன்றாகக் காய்ப்பதும் தளர்கிறது. சேர்ந்து ஓயாததால், பீச் விதைகளைத் தாக்கும் அந்துப்பூச்சி பட்டினி கிடப்பதில்லை. அதன் புழுக்கள் முன்பைவிட அதிகமான விதைகளைத் துளைத்துக் கெடுக்கின்றன. காய் எண்ணிக்கை கூடினாலும் முழுமையான பருப்பு அந்த அளவுக்குக் கூடவில்லை.

ராயல் பறவைப் பாதுகாப்புச் சங்கம் 1979-இலிருந்து ஜனவரி கடைசி வார இறுதியில் பிரிட்டன் முழுக்க மக்களை ஒரு மணி நேரம் தோட்டத்தில் பறவைகளை எண்ணச் சொல்கிறது. குழந்தைகளுக்கான ஒரு முயற்சியாகத் தொடங்கியது அது. பீச் நன்றாகக் காய்த்த ஆண்டிலும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் காட்டின் கையிருப்பு குறையத் தொடங்குகிறது. பிப்ரவரியில் இன்னும் குறையும். புழுக்கள் பெருக ஏப்ரல் ஆகும். இடையில் உள்ள அந்த வாரங்களில்தான் ஃபீடருக்கு மிகவும் பசித்த பறவைகள் வருகின்றன. அப்போது அது சுத்தமாகவும் நிரம்பியும் இருக்க வேண்டும்.